மாசச் சாமான்: எதைப் பார்த்து வாங்குகிறீர்கள்?

மாம்பலத்தான் | வெள்ளி இரவு 9.12

இந்த மாச மளிகை பில்லையும் போன வருஷம் இதே மாசத்து பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் எல்லாம் கிட்டத்தட்ட அதே அளவுதான். கூடியிருப்பது பூராவும் பட்டியலில் எழுதாத சாமான்: பிஸ்கட், நூடுல்ஸ், ஜூஸ் டப்பா, ஓட்ஸ் போட்ட ஏதோ ஒரு மிக்சர். யார் எடுத்துப் போட்டது என்று கேட்டால் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை போலிருக்கிறது. மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், நகரத்தில் தலைக்கு ஆகும் மாதச் செலவில் சாப்பாட்டுக்குப் போவது சுமார் 39 சதவீதம். அதில் முதலிடம் அரிசிக்கும் இல்லை, பாலுக்கும் இல்லை. பானங்கள், பலகாரம், பதப்படுத்திய உணவு என்று ஒரு தலைப்பு வைத்திருக்கிறார்கள், அதற்குத்தான். மொத்தச் செலவில் பத்து சதவீதத்துக்கு மேல் அங்கே போகிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். கடையில் நின்று கையை நீட்டும்போது எது உங்கள் கையைத் திருப்புகிறது? "தரம்", "ஆரோக்கியம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கடைசியாக எதை எடுத்தீர்கள், பக்கத்தில் இருந்ததை ஏன் எடுக்கவில்லை, அதைச் சொல்லுங்கள்.

வேளச்சேரி வெங்காயம் | வெள்ளி இரவு 9.31

விலைதான் சார், வேறென்ன. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டிப் போனபோது எங்கள் வீட்டு ரசத்தில் எலுமிச்சம்பழம் ஏறிவிட்டது. அரசாங்கம் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி போட்டதும், ஜென்மத்தில் ரேஷன் பக்கம் போகாத எங்கள் அபார்ட்மெண்ட் ஆட்கள் கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆரோக்கியம், தரம் எல்லாம் பையில் காசு இருக்கும்போது பேசுகிற பேச்சு.

மூன்றாம் மாடி | வெள்ளி இரவு 9.58

வெங்காயம் அண்ணே, தக்காளி விலை உங்களுக்குத் தெரியும். வெங்காயம், பால், முட்டை விலையும் தெரியும். கடைசியாக வாங்கிய பிஸ்கட் நூறு கிராம் எவ்வளவு என்று இப்போது சொல்லுங்கள் பார்ப்போம். முடியாது. நமக்கு நாலைந்து சாமானின் விலைதான் மனப்பாடம். அந்த நாலைந்தில் கடைக்காரர் விலையைக் குறைத்து வைத்தால், மீதி நாற்பதில் எவ்வளவு போட்டாலும் "அந்தக் கடை மலிவு" என்றே ஊரெல்லாம் சொல்வோம்.

அப்புறம் அந்த அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள். விலை ஏறுவதே இல்லை, உள்ளே இருப்பதுதான் இளைத்துக்கொண்டே போகிறது. பிஸ்கட், எண்ணெய் மாதிரியான சாமான்களை இன்னின்ன எடையில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எண்ணெய் பாக்கெட் பார்க்க ஒரு லிட்டர் மாதிரியே இருக்கும். திருப்பிப் பார்த்தால் 800, 850 என்று இருக்கும். அந்த விதிக்குப் பதிலாக ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பாக்கெட்டில் போடச் சொல்லியிருக்கிறார்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை, என் மாமனாரைத் தவிர. அவரோடு கடைக்குப் போனால் திரும்பி வர மத்தியானம் ஆகிவிடும்.

கடைக்காரர் மகள் | வெள்ளி இரவு 10.40

கோடம்பாக்கம் பக்கம் எங்கள் அப்பாவுக்கு மளிகைக் கடை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடப் பாடம் எழுதினேன். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஜனங்கள் வாங்குவதைத் தீர்மானிப்பது தேதி. ஒன்றாம் தேதியிலிருந்து பத்து வரை ஒரே ஆள் கம்பெனி சாம்பார் பொடி, ஒரு லிட்டர் எண்ணெய், ஒரு கிலோ பருப்பு என்று கேட்பார். இருபது தாண்டினால் அதே ஆள் கால் கிலோ பருப்பு, பத்து ரூபாய்ப் பொடி, சின்ன பாக்கெட் எண்ணெய். அவர் ருசியும் மாறவில்லை, கொள்கையும் மாறவில்லை. சம்பளம் வந்து இருபது நாள் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது, கணக்கு நோட்டு. கணக்கு வைத்து வாங்குகிறவர் விலையே கேட்க மாட்டார். ரொக்கம் கொடுக்கிறவர்தான் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டுவார். கணக்குக்காரர் "துவரம்பருப்பு ஒரு கிலோ" என்பார், அப்பா எந்த மூட்டையிலிருந்து அள்ளுகிறாரோ அதுதான் அந்த மாசம் அவர் வீட்டுச் சாம்பார். பிராண்ட் பிஸ்கட்டில் எங்களுக்கு நிற்பது சொற்பம். சில்லறைப் பருப்பிலும் மிளகாயிலும்தான் கொஞ்சம் பார்க்க முடியும். அதனால் அப்பா வாயிலிருந்து "இது நல்லா வேகும், எடுத்துட்டுப் போங்க" என்று எது வருகிறதோ அதுதான் விற்கும். பொய் சொல்லி விற்கமாட்டார், வேகாத பருப்பைக் கொடுத்தால் மறுநாளே சட்டியோடு வந்து நிற்பார்கள். ஆனால் நல்லதாக நாலு ரகம் இருந்தால் எதைச் சொல்வது என்பதில் எங்கள் லாபமும் கொஞ்சம் இருக்கிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கொசுறையும் விடாதீர்கள். கறிவேப்பிலை, கொத்தமல்லி இரண்டு கிள்ளு சும்மா போடுகிற காய்க்காரம்மாவை விட்டு எங்கள் தெருவில் ஒருவரும் நகர மாட்டார்கள், கத்திரிக்காய் கிலோவுக்கு அஞ்சு ரூபாய் கூட இருந்தாலும்.

வேளச்சேரி வெங்காயம் | வெள்ளி இரவு 10.52

மேடம், ஒரு சந்தேகம். அரிசி மூட்டை எல்லாம் ஏன் 26 கிலோ? முன்பு 25 தானே?

கடைக்காரர் மகள் | வெள்ளி இரவு 11.05

ஜிஎஸ்டி. 2022 ஜூலை 18-லிருந்து பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத வரி வந்தது. 25 கிலோ வரைக்குமான பாக்கெட்டுக்குத்தான் அது. ஆலைக்காரர்கள் சத்தமில்லாமல் மூட்டையை 26 ஆக்கிவிட்டார்கள். இன்னும் கேட்டால், பெரிய மூட்டை எடுக்கிற குடும்பம் அந்த வரியைக் கட்டுவதில்லை, அஞ்சு கிலோ பை வாங்குகிற குடும்பம் கட்டுகிறது.

ஷெல்ஃப் பையன் | சனி காலை 7.20

அண்ணா நகரில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை பார்த்தவன், பேர் வேண்டாம். நாங்கள் சாமான் அடுக்குவது உங்கள் சௌகரியத்துக்கு என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

பாலும் தயிரும் கடைசிக் கோடியில் இருக்கும். அரை லிட்டர் பாலுக்கு வந்தவர் கடை முழுக்க நடந்துதான் ஆக வேண்டும். கண்ணுக்கு நேரான தட்டு கம்பெனிக்காரன் பணம் கட்டி வாங்கிய இடம். ரேக்கின் முனையில் கோபுரம் மாதிரி அடுக்கியிருப்பதும் அப்படித்தான். அங்கே இருந்தாலே ஆஃபர் என்று நினைத்து எடுப்பார்கள், பல நாள் முழு விலைதான் இருக்கும். குனிந்து எடுக்க வேண்டிய கீழ்த்தட்டில் விலை குறைந்த பருப்பும் ரவையும் கிடக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் சாக்லேட் வைத்திருப்பது உங்களுக்காக இல்லை, தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்காக. பில் போடும் வரிசையில் குழந்தை அழுதால் பின்னால் நிற்கிறவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பாக்கள் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அம்மாக்கள் கொஞ்சம் தாங்குவார்கள்.

ஒரு உபகாரம்: தயிர், ரொட்டி, பன்னீர் எல்லாம் பழைய தேதி முன்னால், புதுத் தேதி பின்னால். கையை உள்ளே விட்டு எடுங்கள். நாங்கள் முறைப்போம், கண்டுகொள்ள வேண்டாம்.

ராத்திரி ஷிப்ட் | சனி காலை 11.48

இப்போதுதான் எழுந்தேன். என் விஷயத்தில் இதெல்லாம் ஒன்றும் இல்லை, போன்தான். ராத்திரி பதினொரு மணிக்குப் பசித்தால் பத்து நிமிஷத்தில் வாசலில் வந்து நிற்கிறது. முட்டையும் ரொட்டியும் போட்டால் "இன்னும் 47 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று வரும். 25 ரூபாய் மிச்சம் பிடிக்க 47 ரூபாய்க்கு சிப்ஸ். கணக்கு எனக்கும் தெரியும், ஆனாலும் விரல் போய் அழுத்திவிடும். நெய் என்று தேடினால் முதலில் வருவது விளம்பரம் கொடுத்தவருடைய நெய். ஒரு தரம் எதை வாங்கினேனோ அதையே "மறுபடி வாங்கு" என்று காட்டுகிறது, அதுவே தொடர்கிறது. ஷெல்ஃப் பையன் சொன்ன கண்ணுக்கு நேரான தட்டு, இங்கே கட்டைவிரலுக்கு நேராக இருக்கிறது.

கடையில் நூறு வகை இருந்தால் ஜனங்கள் குழம்பி வாங்காமலே போய்விடுவார்கள் என்று எங்கோ படித்தேன், ஜாம் வைத்து ஒரு ஆராய்ச்சி. அப்படிப் பார்த்தால் ஆப்பில் ஒன்றுமே விற்கக் கூடாதே?

மூன்றாம் மாடி | சனி மதியம் 12.30

அது 2000-இல் வெளிவந்த ஆராய்ச்சி. கலிபோர்னியாவில் ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்து ருசி பார்க்கச் சொன்னபோது கூட்டம் அதிகம் நின்றது, வாங்கியவர்கள் 3 சதவீதம். 6 வகை வைத்தபோது நின்றவர்களில் 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். பிரபலமான முடிவுதான், ஆனால் அதைப் போன்ற பரிசோதனைகளையெல்லாம் சேர்த்து 2010-இல் கணக்குப் போட்டபோது சராசரியில் அந்த விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்றார்கள். ஜாமை விடுங்கள். தி.நகர் துணிக்கடையில் ஆயிரம் சேலை பிரித்துப் போட்ட பிறகும் வாங்குகிற ஜனம் நாம்.

சிந்தாதிரிப்பேட்டை | சனி மாலை 5.15

எல்லாரும் பாக்கெட்டையே பேசுகிறீர்கள். மீன் வாங்குகிறவனுக்கு லேபிளும் இல்லை, எம்.ஆர்.பி.யும் இல்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழி விழாமல் பளபளவென்று இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. இது ஊருக்கே தெரிந்த பரிசோதனை. ஆனால் உண்மையில் நான் நம்பி வாங்குவது அந்த அக்காவை. போன வாரம் வஞ்சிரம் வேண்டும் என்று நின்றேன். துண்டு போட்டு வைத்திருந்ததைத் தொடக்கூட விடவில்லை. "அது ஐஸு, உனக்கு வேணாம்" என்று சங்கராவை எடுத்து என் முன்னால் செவுளை விரித்துக் காட்டினார். வஞ்சிரத்துக்கு எண்ணிய பணத்தில் பாதிதான் ஆனது. இன்னொருவர் வந்து அதே வஞ்சிரத்தைக் கேட்டார், மறு பேச்சில்லாமல் எடைபோட்டுக் கொடுத்தார்! நான் பழகியவன், அவர் புதுசு.

காலண்டரையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், காசிமேட்டில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது வஞ்சிரம் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. புரட்டாசியில் பாதி ஊர் கவுச்சியை விட்டுவிடும், கோழி, மீன் எல்லாம் இறங்கிவிடும். சாமி கும்பிட்டுக்கொண்டே மீன் சாப்பிடுகிற என்னைப் போன்றவனுக்கு அதுதான் தீபாவளி.

பழைய பெரம்பூர் | சனி மாலை 6.40

தம்பிகளே, பாலை மறந்துவிட்டீர்கள். இந்த ஊரில் பாலை யாரும் பேர் சொல்லி வாங்குவதில்லை, பாக்கெட்டின் நிறம் சொல்லித்தான். நீலம், பச்சை, ஆரஞ்சு. ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. பச்சை 4.5. 2023 கடைசியில் ஆவின் பச்சைக்குப் பதிலாக ஊதாவைக் கொண்டுவந்தது. விலை அதே 44, கொழுப்பு 3.5. காபிக்கு எது, தயிருக்கு எது என்று ஒவ்வொரு வீட்டிலும் புதிதாக முடிவெடுக்க வேண்டி வந்தது. சில வீட்டில் ஆரஞ்சுக்கு ஏறினார்கள், சில வீட்டில் நீலத்துக்கே இறங்கிவிட்டார்கள். நடுவில் இருந்ததை எடுத்தால் ஜனங்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போவார்கள் என்று அப்போது பார்த்தேன்.

மாதப் பால் அட்டையும் ஒரு காரணம். 2022 நவம்பரில் ஆரஞ்சு லிட்டர் 60 ஆனபோது அட்டைக்காரர்களுக்கு 46 தான். மாதத் தொடக்கத்திலேயே பணம் கட்டிவிட்டால் அப்புறம் வேறு பால் பக்கம் மனசு போகாது.

கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை இருந்த காலத்தில் காலை டிராமில் போய் என்று எழுத ஆசைதான். டிராம் அதற்கு வெகு காலம் முன்பே நின்றுவிட்டது, பஸ்ஸில்தான் போனோம். 1996-இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனதும் வடசென்னைக்காரன் மூட்டையாக வாங்குவது குறைந்தது. தூரம் கூட ஒரு விலைதான்.

மாம்பலத்தான் | சனி இரவு 8.30

பயத்தை இன்னும் ஒருவரும் சொல்லவில்லையே. 2025 கோடையில் தர்பூசணி ஞாபகம் இருக்கிறதா? சாயம் ஏற்றிய பழத்தை டிஷ்யூ பேப்பரால் துடைத்துக் கண்டுபிடிப்பது எப்படி என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரி செய்துகாட்டிய வீடியோ பரவியது. எங்கள் தெரு முனையில் குவித்து வைத்திருந்த பழம் அப்படியே கிடந்தது.

வேளச்சேரி வெங்காயம் | சனி இரவு 8.41

நாங்களும் அந்த வருஷம் தொடவில்லை. குழந்தை இருக்கிற வீடு, எதுக்கு வம்பு.

கடைக்காரர் மகள் | சனி இரவு 9.02

எதுக்கு வம்பு என்று நீங்கள் விட்டதில் விவசாயிகள் வயிற்றில் அடி விழுந்தது. விலை சரிந்து, அறுக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று வயலிலேயே விட்டவர்கள் உண்டு. போராட்டம் நடந்த பிறகு, தமிழ்நாட்டில் அப்படிச் சாயம் ஏற்றிய பழம் கண்டுபிடிக்கப்படவில்லை என்று விளக்கம் வந்தது. வீடியோ பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு விளக்கம் போய்ச் சேர்ந்தது?

மூன்றாம் மாடி | சனி இரவு 9.25

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற தொழிற்சாலைச் சாயம் இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லி, தமிழ்நாட்டில் தடையே போட்டார்கள். அது நிஜம். கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பதும் நிஜம், அதற்குத் தடையும் இருக்கிறது. எது நிஜம், எது புரளி என்று வாங்குகிறவனுக்குத் தெரிய வழியில்லை, இரண்டும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. 2015-இல் மேகிக்குத் தடை போட்டபோது இனி அந்தப் பக்கமே போவதில்லை என்றவர்கள், நவம்பரில் அது திரும்பி வந்ததும் என்ன செய்தார்கள்? பயமும் கொஞ்ச நாள்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நாளில் கம்பெனி தாங்கும், தர்பூசணிக்காரர் தாங்க மாட்டார்.

லேபிளைப் பற்றி ஒன்று சொல்லி விடுகிறேன். அப்பாவுக்கு சர்க்கரை வந்த பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது விதி. முன்பக்கம் கோதுமைக் கதிர் படம் போட்ட பிஸ்கட்டில் முதல் பெயர் மைதா. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, ஆனால் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்ட எண்ணெயைத்தான் அம்மா கேட்கிறார். 2024-இல் ஹார்லிக்ஸ் "ஆரோக்கிய பானம்" என்ற வகையிலிருந்து தன்னை எடுத்துக்கொண்டது. அதையும் அம்மாவிடம் சொன்னேன். "நீ அதைக் குடிச்சுத்தான் வளர்ந்தே" என்றார். அதற்கு மேல் என்ன பேச?

மட்டுறுத்துநர் | சனி இரவு 9.40

வீடியோ இணைப்புகள் இரண்டை நீக்கியிருக்கிறேன். கலப்படப் புகார் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்புங்கள், இங்கே கடைப் பெயர் போட வேண்டாம்.

வியாசர்பாடி | ஞாயிறு காலை 10.10

முழுசாகப் படித்தேன். நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் இது பட்டியல் எழுதுகிறவர்கள் விவாதம். எங்கள் அம்மா நாலு வீட்டில் வேலை செய்தார், அப்பா லோடு ஏற்றினார். எங்கள் வீட்டில் மாசச் சாமான் என்று ஒன்று இருந்ததே இல்லை, தினச் சாமான்தான். சாயங்காலம் கையில் எவ்வளவு வந்ததோ அதற்கு. அரிசி ரேஷனில் இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. இது மூன்றும் இருந்தால் அடுப்பு எரியும். மீதி எல்லாம் பத்து ரூபாய் பாக்கெட். சின்னதாக வாங்கினால் மொத்தத்தில் நஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். மொத்தமாக வாங்கப் பணம் வேண்டுமே. ஒரு கிலோ சர்க்கரை வீட்டில் இருந்தால் ஒரு கிலோவும் தீர்ந்துவிடும், நூறு கிராம் இருந்தால் நூறு கிராமில் ஓட்டலாம் என்பது அவர் கணக்கு.

ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்பதைக் கேட்காமல் யாருடைய மளிகையைப் பற்றியும் பேச முடியாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மீன் அன்றைக்கு வாங்கி அன்றைக்கே தீர வேண்டும். அரை லிட்டர் பால் திரிந்தால் மறுநாள் காபி இல்லை. சாயங்காலம் கூறு கட்டி விற்கிற வாடின காயை அம்மா எடுப்பது மலிவு என்பதற்காக மட்டும் இல்லை, அரை மணியில் சமைத்துவிடப் போகிறோம், வாடினால் என்ன?

மாம்பலத்தான் | ஞாயிறு காலை 10.45

இது என் கணக்கிலேயே வரவில்லை. இப்போது வீட்டில் ஃப்ரிட்ஜ் உண்டா? வாங்குவது மாறியதா?

வியாசர்பாடி | ஞாயிறு காலை 11.20

நான் வேலைக்குப் போனதும் தவணையில் எடுத்தேன். மாவு பாக்கெட் வந்தது, தயிர் வந்தது, தம்பிக்கு ஐஸ்கிரீம் வந்தது. கீரை குறைந்தது, ஏன் என்று தெரியவில்லை. மீன் மட்டும் இன்னும் அன்றன்றைக்குத்தான், ஃப்ரிட்ஜில் வைத்த மீனை அம்மா மீன் என்றே ஒத்துக்கொள்வதில்லை.

சிந்தாதிரிப்பேட்டை | ஞாயிறு காலை 11.26

அம்மாவுக்கு என் வணக்கம்.

கடைக்காரர் மகள் | ஞாயிறு மதியம் 1.15

கீரைக்கு நான் சொல்கிறேன். தினமும் கடைக்கு வந்தால்தான் கீரை கண்ணில் படும். மாவு ரெடியாக இருந்தால் சாயங்காலம் வெளியே வர வேண்டிய அவசியமே இல்லை, சட்னி அரைத்தால் முடிந்தது. எங்கள் கடை வாசலில் கீரை வைத்திருந்த அம்மா இப்போது காலையில் மட்டும் வருகிறார், கட்டும் பாதியாகக் குறைந்துவிட்டது.

அதே காரணத்துக்காக அப்பா கடைக்குள் ஒரு கண்ணாடி ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்டார். மாவும் பாலும் அதில். வாசலில் இடம் இருந்தும் கடைசிச் சுவரோரமாகத்தான் வைத்தார். போகிற வழியில் இரண்டு பக்கமும் முறுக்கு, சிப்ஸ், கடலை மிட்டாய் சரம் சரமாகத் தொங்குகிறது. ஷெல்ஃப் பையன் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "இதைச் சொல்றதுக்கா சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறாங்க?" என்று கேட்டார்.